வெள்ளியில் பொறித்த முடிசூட்டும் போரும்: பழைய நினைவு நாணயங்களை எப்படிப் படிப்பது?

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இது. பழைய சேகரிப்பு ஒன்றிலிருந்து இரண்டு பெரிய வெள்ளி வட்டுகள் அவர் கைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் இரண்டு அரசர்களின் மார்பளவு உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. மறுபக்கத்தில் இரட்டைத்தலைக் கழுகும் 1613–1913 என்னும் ஆண்டுகளும் காணப்படுகின்றன. மற்றொன்றில் குதிரைமேல் ஓர் அரசரும் அவரைச் சூழ்ந்து கையுயர்த்தும் மக்களும், கீழே 17.3.1813 என்னும் நாளும் உள்ளன. இவை நாணயங்களா, பதக்கங்களா? இரண்டாவது உண்மையில் 1813-ஆம் ஆண்டைச் சேர்ந்ததா? இவற்றின்மேல் எழுதியிருப்பதை வரலாறாக நம்பலாமா? கறுத்துப்போயிருக்கும் இவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாமா?

நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் நாணயங்களே, இரண்டும் 1913-இல் அச்சிடப்பட்டவை. முதலாவது, ரோமானோவ் மரபு ரஷ்ய அரியணைக்கு வந்து 300 ஆண்டுகள் நிறைவுற்றதைக் குறிக்கும் ஒரு ரூபிள். அதிலுள்ள இருவர் இரண்டாம் நிக்கோலஸும் அந்த மரபின் முதல் சார் (ரஷ்ய அரசர்) மிகயீல் ஃபியோதரோவிச்சும் ஆவர். இரண்டாவது, நெப்போலியனுக்கு எதிராக எழுமாறு பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் 1813 மார்ச் 17 அன்று தம் மக்களுக்கு விடுத்த அழைப்பின் நூற்றாண்டுக்கான மூன்று மார்க் நாணயம். "அரசர் அழைத்தார், அனைவரும், அனைவரும் வந்தனர்" என்பது அதன் பொறிப்பு. நாணயத்தைத் திருப்பிப் பார்த்தால், பாம்பைக் கால் நகங்களில் பற்றிய கழுகின் பக்கத்தில் மதிப்பும் 1913 என்னும் ஆண்டும் இருக்கும்.

சுத்தம் செய்ய வேண்டாம். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். நடுவிலுள்ள கேள்விதான், அதாவது எழுதியிருப்பதை நம்பலாமா என்பதுதான், விரிவாகப் பேசத் தக்கது.

நினைவு நாணயத்தின் பொறிப்பை ஒரு மெய்க்கீர்த்தியைப் படிப்பதுபோலப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அரசர் எதை வென்றார் என்பதை அது சொல்கிறதோ இல்லையோ, தாம் எதை வென்றதாக உலகம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதை ஐயமின்றிச் சொல்கிறது. அந்த விருப்பத்துக்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள தொலைவு நாணயத்துக்கு நாணயம் வேறுபடும். அந்தத் தொலைவை அளப்பதே இந்தத் துறையில் எனக்கு மிகவும் சுவையான வேலை.

பழைய எடுத்துக்காட்டு ஒன்று. கி.மு. 53-இல் கர்ரே என்னுமிடத்தில் கிராசுஸின் ரோமானியப் படை, ஈரானை ஆண்ட பார்த்தியரிடம் படுதோல்வி அடைந்து, தன் படைக் கொடிகளையும் இழந்தது. கி.மு. 20-இல் அகஸ்டஸ் அக்கொடிகளைத் திரும்பப் பெற்றார். ஆனால் போரிட்டுப் பெறவில்லை. பார்த்திய மன்னர் நான்காம் ஃபிராத்திஸோடு நடத்திய பேச்சின் வழியாகப் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்த, தெனாரியஸ் என்னும் ரோமானிய வெள்ளி நாணயங்களில் ஒரு பார்த்தியன் மண்டியிட்டுக் கொடியை நீட்டுகிறான். கொடிகள் மீட்கப்பட்டன என்பது பொறிப்பு. எழுத்தில் பொய் ஒன்றும் இல்லை. கொடிகள் மீண்டது உண்மை. மண்டியிட்ட உருவம்தான் நடக்காத ஒரு சரணடைவைக் கண்முன் நிறுத்துகிறது. எழுத்து எச்சரிக்கையோடு இருக்கும் இடத்தில் படம் துணிந்து பேசும் இந்த உத்தி, பின்வந்த நூற்றாண்டுகளிலும் நாணய அச்சுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கு மாறாக, அதே அகஸ்டஸ் ஆக்டேவியனாக இருந்தபோது கி.மு. 28 அளவில் வெளியிட்ட "எகிப்து கைப்பற்றப்பட்டது" என்னும் தெனாரியஸின் பின்பக்கத்தில் ஒரு முதலையைத் தவிர வேறு உருவம் இல்லை. அங்கே மிகைப்படுத்தவேண்டிய தேவையே எழவில்லை; எகிப்து முழுவதும் அவர் கையில் இருந்தது.

வெற்றியைப் புதிய நாணயத்தில் எழுதுவது ஒரு வழி. தோற்றவனின் நாணயத்தின் மேலேயே எழுதுவது மற்றொன்று. நாசிக் மாவட்டத்து ஜோகல்தெம்பியில் 1906-இல் 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளி நாணயங்கள் அடங்கிய புதையல் கிடைத்தது. அவை மேற்கு இந்தியாவை ஆண்ட மேற்கு சத்திரபர்களின் சகராத மரபைச் சேர்ந்த நகபானனுடையவை. அவற்றுள் 9,000-க்கும் மேற்பட்டவற்றில் சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணி தன் சின்னங்களைக் குத்தியிருக்கிறான். ஒன்றைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால், வளைவுகள் அடுக்கிய குன்றுச் சின்னத்தின் கீழே நகபானனின் மூக்கும் தாடையும் இன்னும் தெரியும். கிரேக்க எழுத்துகளின் எச்சம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். உருக்கிப் புதிதாக வார்ப்பது அவனால் இயலாத காரியம் அன்று. சிக்கனமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் பழைய முகத்தின்மேல் புதிய முத்திரை விழுந்த காசு சந்தைக்கு வரும்போது, ஆட்சி மாறியதைத் தனியாகப் பறைசாற்ற வேண்டியிருக்காது. சகராத மரபை எச்சமின்றி அழித்தவன் என்று அவன் தாய் கௌதமி பலஸ்ரீ நாசிக் குகைக் கல்வெட்டில் புகழ்கிறாள். இங்கே கல்வெட்டும் காசும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. இத்தகைய பொருத்தம் அரிதாகவே வாய்க்கும்.

போர்க் கொள்ளையைப் பொறிப்பில் காட்டிக்கொண்ட நாணயங்களுள் இரண்டைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, முப்பதாண்டுப் போரில் பிரன்ஸ்விக்கின் இளைய கிறிஸ்டியன் 1622-இல் அடித்த தாலர் என்னும் பெரிய வெள்ளி நாணயம். பாடர்போர்ன் பேராலயத்தின் வெள்ளியைக் கைப்பற்றி உருக்கி, அந்த வெள்ளியிலேயே "கடவுளின் நண்பன், பாதிரிகளின் பகைவன்" என்று எழுதினான். மறுபக்கத்தில் மேகத்திலிருந்து நீளும் ஒரு கை வாளேந்தி நிற்கிறது. எந்த இடத்து வெள்ளி என்பதை அறிந்திருந்தவர்களுக்கு அந்த வரி எவ்வளவு சுட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, இங்கிலாந்தின் ஆன் அரசி காலத்து விகோ நாணயங்கள். 1702 அக்டோபரில் ஆங்கில, டச்சுக் கப்பற்படைகள் ஸ்பெயினின் விகோ விரிகுடாவில் புகுந்து, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஸ்பானியச் செல்வக் கப்பல்களையும் அவற்றுக்குத் துணைவந்த பிரெஞ்சுக் கப்பல்களையும் அழித்தும் கைப்பற்றியும் பெரும் வெற்றி கண்டன. அந்த வெள்ளியில் அடிக்கும் நாணயங்களில் அரசியின் உருவத்துக்குக் கீழே 'விகோ' என்னும் ஊர்ப்பெயரைப் பொறிக்கும்படி, அப்போது நாணயச்சாலைத் தலைவராக இருந்த ஐசக் நியூட்டனுக்கு அரசாணை வந்தது. அச்செயலின் நினைவு பின்வரும் தலைமுறைகளுக்கும் நிலைக்க வேண்டும் என்பதே ஆணையின் நோக்கம். ஆனால் தாக்குதல் தொடங்குமுன்பே கப்பல்களிலிருந்த வெள்ளியின் பெரும்பகுதி கரையேற்றப்பட்டு உள்நாட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்டுவிட்டது. நியூட்டனின் கணக்கில் நாணயச்சாலைக்கு வந்து சேர்ந்தது சுமார் 4,500 பவுண்டு எடை வெள்ளியும் சிறிதளவு தங்கமும்தான். மொத்த மதிப்பு ஏறத்தாழ 14,000 பவுண்டு. ஊரார் எதிர்பார்த்திருந்த செல்வக் குவியலுக்கு முன் இது மிகச் சிறியது. போர் வெற்றி உண்மை. கப்பல்கள் எரிந்தது உண்மை. ஆனால் அந்த நான்கெழுத்துச் சொல் ஒவ்வொரு ஷில்லிங்கின்மேலும் அமர்ந்து நாடெங்கும் சுற்றியபோது, கொள்ளையும் வெற்றியைப் போலவே பெரியது என்னும் எண்ணத்தைச் செலவில்லாமல் பரப்பியது.

இதன் தொடர்ச்சியாக 1745, 1746 ஆண்டுகளின் இரண்டாம் ஜார்ஜ் நாணயங்களில் வரும் 'லிமா' (பெருவின் தலைநகர்) என்னும் சொல்லையும் பார்க்கலாம். ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஆன்சன் 1743-இல் ஸ்பெயினின் மணிலா செல்வக் கப்பலைப் பிடித்துக் கொண்டுவந்த வெள்ளி அது என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். இன்றும் பல விற்பனைப் பட்டியல்களில் அப்படியே இருக்கிறது. ஆனால் 1745-இல் இரண்டு ஆங்கிலத் தனியார் போர்க்கப்பல்கள், பெருவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்துக் கொண்டுவந்த வெள்ளிக்கே அச்சொல் பொருந்துவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆண்டும் ஊரும் அதற்குத்தான் ஒத்துவருகின்றன. பெயர் பெற்ற ஒரு வீரரின் கதை அருகில் இருந்தால், நாணயம் அந்தக் கதைக்குள் இழுக்கப்பட்டுவிடும்.

இனி, உங்கள் இரண்டாவது நாணயத்துக்கு வருவோம். அதன் காலத்துக்குச் சற்று முன்னிருந்து பார்த்தால்தான் அதன் தொனி விளங்கும். 1866-இல் பிரஷ்யா ஆஸ்திரியாவை வென்றபோது அடித்த வெற்றித் தாலரில் வெற்றி என்னும் சொல்லே இல்லை. வழக்கமாக வெறுந்தலையோடு வரும் முதலாம் வில்லியம் அதில் வெற்றிமாலை சூடியிருக்கிறார், அவ்வளவுதான். 1871-இல் பிரான்சை வென்றபின் வந்த தாலரிலோ 'வெற்றித் தாலர்' என்று நாணயத்தின்மேலேயே எழுதிவிட்டார்கள். அதே 1871-இல் பவேரியாவும் சாக்சனியும் தத்தம் வெற்றித் தாலர்களை அடித்தன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவ்விரண்டும் ஆஸ்திரியாவின் பக்கம் நின்று பிரஷ்யாவிடம் தோற்றவை என்பதை அந்த நாணயங்களைப் பார்த்து எவரும் ஊகிக்க முடியாது.

1913-இல் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. நெப்போலியன் தோல்வியுற்ற லைப்சிக் போரின் நூற்றாண்டுக்காகச் சாக்சனி மூன்று மார்க் நாணயம் ஒன்றை வெளியிட்டது. அந்தப் போர்க்களத்தில் எழுப்பப்பட்ட பெரும் நினைவுச் சின்னமே அதன் உருவம். 1813 அக்டோபரில் அதே லைப்சிக்கில் சாக்சனியின் அரசர் முதலாம் ஃபிரெடரிக் அகஸ்டஸ் நெப்போலியனின் பக்கம் நின்றார்; போரின் நடுவே அவருடைய படையின் ஒரு பகுதி எதிர்ப்பக்கம் தாவியது; போர் முடிந்ததும் அவர் கூட்டணிப் படைகளிடம் சிறைப்பட்டார்; வியன்னா மாநாடு சாக்சனியின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் பிரஷ்யாவுக்குக் கொடுத்தது. தன் அரசர் சிறைப்பட்ட, தன் நாடு பாதியாகக் குறைந்த ஒரு போரை, நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த நாடே வெள்ளியில் வெற்றியாகக் கொண்டாடுகிறது. அந்த நாணயத்தைப் பொய் என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படிச் செய்யமாட்டேன். 1813-ஐப் பற்றி அது சொல்வதைவிட, 1913-இல் ஜெர்மானியராக இருப்பது எதை மறப்பதையும் எதைத் தம்முடையதாக்கிக்கொள்வதையும் வேண்டியது என்பதைப் பற்றி அது நேர்மையாகவே சொல்கிறது.

உங்கள் பிரஷ்ய நாணயத்தையும் இந்த ஒளியில் பாருங்கள். அதில் அப்போது ஆண்ட பேரரசரின் முகம் இல்லை. நூறாண்டுக்கு முந்தைய மன்னரும் மக்களும்தான் இருக்கிறார்கள். அரசர் அழைத்தார் என்கிறது பொறிப்பு. ஆனால் அந்த அழைப்புக்குமுன் அம்மன்னர் வெகுநாள் தயங்கினார் என்பதும், அவருடைய படைத்தலைவர்களும் ஆலோசகர்களும் அவரை முன்தள்ளினார்கள் என்பதும் வரலாறு. ரஷ்யரோடு தாமாகவே உடன்பாடு செய்துகொண்ட யோர்க் என்னும் தளபதி, அரசர் அழைக்கும்முன்பே வந்துவிட்டவர்.

அரச குடும்ப நிகழ்ச்சிகளுக்கான நாணயங்கள் இவ்வளவு சிக்கலானவை அல்ல. ஜெர்மன் சிற்றரசுகளின் இறப்புத் தாலர்கள், அரசர் பிறந்த நாள், ஆட்சியேற்ற நாள், இறந்த நாள், வாழ்ந்த ஆண்டுகள் ஆகியவற்றை வரிவரியாகத் தாங்கி, ஒரு கல்லறைக் கல்வெட்டின் சுருக்கமாக இருக்கும்; மரபுவழி ஆராய்வோருக்கு இவை நம்பகமான சான்றுகள். 1906-இல் டென்மார்க் வெளியிட்ட இரண்டு குரோனர் நாணயத்தில் இறந்த ஒன்பதாம் கிறிஸ்டியன் ஒரு பக்கமும் அரியணையேறிய எட்டாம் ஃபிரெடரிக் மறுபக்கமுமாகத் தந்தையும் மகனும் இருக்கிறார்கள். 1908-இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் ஆட்சி அறுபது ஆண்டுகளை நிறைவுசெய்தபோது வந்த ஐந்து கொரோனா நாணயம், பன்னிரண்டு ஐந்தாண்டுகள் புகழோடு நிறைந்தன என்று லத்தீனில் சுற்றி வளைத்துச் சொல்கிறது. முகலாயர்களின் நிசார் வகை வேறு: ஊர்வலங்களிலும் விழாக்களிலும் கூட்டத்தின்மேல் இறைப்பதற்கென்றே அடித்த மெல்லிய சிறு வெள்ளிக் காசுகள் அவை, 'நிசார்' என்னும் சொல் அவற்றின்மேலேயே இருக்கும். நினைவுக்காக அடித்ததாயினும் இறைத்த நொடியிலேயே அது எடைக்கேற்ற வெள்ளியாகிவிடும்.

இவ்விடத்தில் நாணயத்துக்கும் பதக்கத்துக்குமுள்ள வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். மதிப்பு எழுதியிருந்தால் நாணயம், இல்லையேல் பதக்கம் என்று பலர் சொல்வதுண்டு. 19-ஆம், 20-ஆம் நூற்றாண்டுகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். உங்கள் இரண்டிலும் ரூபிள், மூன்று மார்க் என்று எழுதியிருக்கிறது. ஆனால் பழைய தாலர்கள் பலவற்றில் மதிப்பு எழுதப்பட்டிருக்காது; எடையே மதிப்பு. ஆகவே அங்கே எடைதான் தீர்ப்பு: ஒரு வட்டு அந்நாட்டின் நாணய எடைத்திட்டத்தில் பொருந்தினால் அது பணம், பொருந்தாமல் தடித்தும் புடைப்பு மிக உயர்ந்தும் இருந்தால் பதக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி அளித்த வெள்ளிப் பதக்கத்தில் சிங்கம் ஒன்று புலியை வீழ்த்துகிறது. அதைத் திப்பு கால நாணயம் என்று விற்பவர்கள் உண்டு; அது ஒருநாளும் பணமாக இருந்ததில்லை.

ஆண்டைப் பற்றிய எச்சரிக்கை இன்னொன்று. நாணயத்திலுள்ள ஆண்டு நிகழ்ச்சியின் ஆண்டாக இருக்கலாம், அச்சின் ஆண்டாக இருக்கலாம், இரண்டுமாக இல்லாமலும் இருக்கலாம். ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் தாலரில் அவர் இறந்த 1780 என்னும் ஆண்டே நிலைத்துவிட்டது. வியன்னா உட்படப் பல நாட்டு நாணயச்சாலைகள் அதே ஆண்டோடு அதை அடித்துவந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பம்பாயிலும் அடித்தார்கள். ஆகவே 1780 என்னும் எண்ணைக் கண்டு இருநூறாண்டுப் பழமை என்று முடிவுகட்டக் கூடாது.

இதைவிட நுட்பமானது 1914-இன் கங்குத் ரூபிள். மகா பீட்டரின் கப்பற்படை 1714-இல் கங்குத் கடற்போரில் சுவீடனை வென்றதன் இருநூறாம் ஆண்டுக்காக அது அடிக்கப்பட்டது. பீட்டரின் உருவம் ஒரு பக்கம். மறுபக்கத்தில் நான்கு கடல்களின் வரைபடங்களை அலகுகளிலும் நகங்களிலும் பற்றிய இரட்டைத்தலைக் கழுகு. விழா நடக்கவிருந்த கோடையில் உலகப்போர் மூண்டது. அடித்தவற்றில் மிகச் சிலவே கைமாறின, மற்றவை உருக்கப்பட்டன. 1927-இல் சோவியத் காலத்தில், சேகரிப்போருக்கு விற்பதற்காகப் பழைய அச்சுகளைக்கொண்டு மீண்டும் அடித்தார்கள். அச்சு உண்மையானது, வெள்ளி உண்மையானது, ஆண்டு மட்டும் பதின்மூன்று ஆண்டு பழையது. முதல் அச்சுக்கும் மறு அச்சுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அந்தத் துறையில் பழகிய ஒருவரிடம் நேரில் காட்டாமல் முடிவுசெய்யக் கூடாது. ஒரு கடற்போர் வெற்றியின் நினைவுக்காக அடித்த நாணயம் இன்னொரு போரால் அரிதாகியது.

போர் வெள்ளியைத் தின்னும் என்பதற்குப் பிரிட்டனின் பெரிய வெள்ளி நாணயமான கிரவுன் நல்ல சான்று. முதல் உலகப்போருக்குப் பின் வெள்ளியின் விலை நாணயத்தின் முகமதிப்பைத் தாண்டியதால், 1920-இல் 92.5 விழுக்காட்டு வெள்ளியை 50 விழுக்காடாகக் குறைத்தார்கள். ஆகவே ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு ஆண்டான 1902-இன் கிரவுனும், ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவுக்காக 1935-இல் பெர்சி மெட்காஃப் வடிவமைத்த கிரவுனும் ஒரே எடை, 28.28 கிராம், ஆனால் முன்னதில் ஏறத்தாழ 26.2 கிராம் வெள்ளி இருக்க, பின்னதில் 14.1 கிராம்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற வெள்ளியைத் திருப்பித்தர வேண்டிவந்தபோது, 1947-இல் புழக்கத்துக்கான நாணயங்களிலிருந்து வெள்ளியே முற்றிலும் போய்விட்டது. எதிரெதிர்க் கோணங்களில் கட்டங்கட்டமாக அமைந்த மெட்காஃபின் குதிரைவீரனை அக்காலத்தில் பலர் பொம்மைக்குதிரை என்று கேலி செய்தார்கள். அதுவே அந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது.

இனி உண்மைத்தன்மை. முகத்தைப் பார்ப்பதற்குமுன் பக்கவிளிம்பைப் பாருங்கள். போலி செய்பவர்கள் முகத்துக்குச் செலவிடும் உழைப்பை விளிம்புக்குச் செலவிடுவதில்லை. உங்கள் ரூபிளின் விளிம்பைச் சுற்றி, தூய வெள்ளி 4 சொலோத்னிக் 21 தோல்யா என்று ரஷ்ய எழுத்தில் குழியாகப் பொறித்திருக்க வேண்டும். அடைப்புக்குள் நாணயச்சாலை அலுவலரின் முதலெழுத்துகள் இருக்கும். ஒரு சொலோத்னிக் 4.266 கிராம், அதன் 96-இல் ஒரு பங்கு ஒரு தோல்யா. கூட்டினால் 18 கிராம் வரும். நாணயத்தின் மொத்த எடை 20 கிராம், வெள்ளி 90 விழுக்காடு என்பதோடு இது சரியாகப் பொருந்தும். நாணயமே தன் உலோகக் கணக்கை எழுதிவைத்திருக்கும்போது அதைச் சோதிக்காமல் விடுவது சோம்பல். மூன்று மார்க்கின் விளிம்பில் "கடவுள் நம்மோடு" என்னும் ஜெர்மன் தொடர் இருக்க வேண்டும், எடை 16.67 கிராம், வெள்ளி அதிலும் 90 விழுக்காடு. விளிம்பின் நடுவே சுற்றிவரும் மெல்லிய கோடோ அரம் போட்ட தடமோ தென்பட்டால், அது இரு பாதி அச்சுக்குள் ஊற்றி வார்த்த போலி.

எடை சரியாக இருந்தாலும் அடர்த்தியைப் பார்த்துவிடுவது நல்லது. இதற்கு நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு எடைக்கருவியும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும். குவளையைக் கருவியின்மேல் வைத்து எண்ணைச் சுழியாக்கி, மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தைத் தண்ணீருக்குள், அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். கருவி காட்டும் எண், நாணயம் ஒதுக்கிய நீரின் எடை. 90 விழுக்காட்டு வெள்ளியின் அடர்த்தி சுமார் 10.3, எனவே 20 கிராம் ரூபிள் 1.94 கிராம் அளவுக்குக் காட்ட வேண்டும். பித்தளை, நிக்கல் போன்றவற்றில் செய்த 20 கிராம் போலியானால் 2.2, 2.3 என்று ஏறிவிடும். நாணயத்தின்மேல் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளை நீரைச் சற்றே அசைத்து நீக்கிவிட்டு எண்ணைப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல நாணயத்தையும் ஐயப்பட நேரும். வெள்ளியிலேயே செய்த போலிகளை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அங்கே எழுத்துகளின் ஓரம்தான் சாட்சி. அச்சால் அடித்த எழுத்து தளத்திலிருந்து செங்குத்தாக எழும். வார்த்த எழுத்தின் அடி கரைந்தாற்போல் இருக்கும், தளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும்.

1913 ரூபிளைப் பற்றி ஒரு தனிக் குறிப்பு. அதில் புடைப்புத் தாழ்ந்தது, உயர்ந்தது என இரு வகைகள் உண்டு. தாழ்ந்த வகையின் உருவங்கள் தட்டையாக இருப்பதைக் கண்டு, தேய்ந்துபோன நாணயம் என்று குறைத்து மதிப்பிடுகிறவர்கள் பலர். நிக்கோலஸின் தாடி மயிரும் உடையின் நுண்கோடுகளும் தெளிவாகத் தெரிந்தால் அது தேய்மானம் அல்ல, அச்சின் இயல்பு.

பொறிப்பு என்று நாம் பேசிவருவது முழுவதும் அச்சில் செதுக்கப்பட்டு, அடிக்கும்போது நாணயத்துக்கு வருவது. இதைத் தவிர, அச்சிட்ட பின் யாரோ ஒருவர் கையால் வெட்டிய பெயர், நாள், படைப்பிரிவு எண் ஆகியவையும் பழைய வெள்ளி நாணயங்களில் காணப்படும். ஒரு பக்கத்தை முழுவதும் இழைத்துவிட்டு எழுதுவதும் உண்டு. இவை அரசின் நினைவுகள் அல்ல, தனியாரின் நினைவுகள். உருப்பெருக்கியில் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்: அச்செழுத்து தளத்துக்குமேல் எழும்பியிருக்கும், கையெழுத்து தளத்துக்குள் உளிபட்டு இறங்கியிருக்கும். நாணயச் சேகரிப்பாளர் பலர் இதைச் சேதம் என்று தள்ளிவிடுவார்கள். போர்க்கால வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் அதையே தேடி வாங்குவார்கள்.

கடைசியாகச் சுத்தம். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் மேற்பரப்பில் மெல்லிய வெள்ளி சல்ஃபைடு படலம் உருவாவதால்தான். அந்தப் படலம் வெள்ளியிலிருந்தே பிறந்தது. ஆகவே அதைத் தேய்த்து நீக்கும்போது வெள்ளியின் ஒரு பகுதியும் சேர்ந்தே போகிறது. பற்பசை, புளி, சாம்பல், மெருகுத்தூள் எதுவாயினும் நுண்கீறல்களை விட்டுச்செல்லும். சாய்த்த ஒளியில் அவை ஒரே திசையில் ஓடும் மயிரிழைகளாகத் தெரியும், அதன்பின் எதைச் செய்தும் மறையா. ஒட்டிய மண் இருந்தால், காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் மென்துணியில் ஒற்றியெடுத்தால் போதும். மெல்லிய பி.வி.சி. உறைகளில் போட்டு வைக்காதீர்கள். நாளடைவில் அதிலிருந்து கசியும் பொருள் பச்சைப் பிசினாகப் படிந்து வெள்ளியை அரிக்கும். மைலார் உறையோ கெட்டியான அக்ரிலிக் பெட்டியோ நல்லது. நாணயத்தை எடுக்கும்போது இரு முகங்களையும் தொடாமல் விளிம்பில் பிடிக்க வேண்டும்.

உங்கள் இரண்டும் பெரும் எண்ணிக்கையில் அடிக்கப்பட்டவை, அரியவை அல்ல. விலையைத் தீர்மானிக்கப்போவது நிலைதான். ஆகவே மேல்விளிம்பில், பன்னிரண்டு மணி இடத்தில், சங்கிலியில் கோக்கக் காதுவளையம் பற்றவைத்து எடுத்த தடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அரசரின் தலை நேராகத் தொங்கவேண்டும் என்பதற்காக பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பற்றவைப்பார்கள். அங்கே விளிம்பெழுத்து மழுங்கியிருந்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் வெள்ளியின் விலைக்குச் சற்று மேலே மட்டும் எதிர்பாருங்கள்.